பெரியப்பா அனுப்பிய சுதந்திரக் காசு

என் அப்பாவை நான் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அடித்திருக்கிறேன். அதுவும் என்னுடைய பொன்னுருக்கு அன்று, பெண் வீட்டார் முன்னால், பொலிஸ்காரர் பார்த்துக்கொண்டிருக்க, வாயில். எனக்கு முன்கோபம் உண்டு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சின்ன வயதிலிருந்தே என்னைப் பார்த்துச் சொல்லிச் சொல்லி அந்தப் பழமொழியே தேய்ந்துபோயிருக்கும். ஆனால் அன்று அடித்தது கோபத்திலா, பயத்திலா, அவரைக் காப்பாற்றவா, என்னைக் காப்பாற்றவா என்று இன்றுவரை எனக்குள் ஒரு வழக்கு நடக்கிறது. சாட்சிகள் எல்லாம் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். எழுதியாவது வைப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

யுத்த காலம். நானும் அப்பாவும் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்திருந்தோம். அம்மா அதற்கு முதலே காய்ச்சலில் போய்விட்டா. நான் புறக்கோட்டையில் ஒரு இரும்புக் கடையில் வேலை செய்தேன். அப்பா அரசாங்கக் கந்தோரில் தலைமைக் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒழுங்கான இங்கிலீஷில் விளக்கினால் உலகத்தில் எந்த மனிதனும் விளங்கிக்கொள்வான் என்பது அவருடைய மதம். கோயிலுக்குப் போகாத நாள் உண்டு, அந்த நம்பிக்கை இல்லாத நாள் இல்லை.

எனக்குப் பெண் கொட்டாஞ்சேனையில் பொருந்தி வந்தது. கொம்பனித்தெருவில் ஒரு கந்தோரில் டைப்பிஸ்ட். தகப்பன் இல்லை, தாயும் தாய்மாமனும்தான். நாள் வைத்தாயிற்று. கல்யாணத்துக்கு முதல் பொன்னுருக்கு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் ஆட்களிடம் தாலியைக் கடையில் போய் வாங்குவதில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒரு பொற்காசு வைப்பார்கள். நல்ல நேரம் பார்த்து, மாப்பிள்ளை வீட்டிலேயே, இரண்டு பகுதியாரும் பார்த்துக்கொண்டிருக்க, பத்தர் அந்தக் காசை உருக்குவார். அந்தப் பொன்னில்தான் தாலி. பெண் அந்தச் சடங்குக்கு வரக்கூடாது. பொன் உருகிய பிறகு தாலி ஏறும்வரை மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்க்கவும் கூடாது.

எல்லோரும் இங்கிலாந்து ராணியின் தலை போட்ட பவுண் காசுதான் வைப்பார்கள். எங்களிடம் இருந்தது வேறு. அப்பாவின் தமையன், என் பெரியப்பா, சின்ன வயதிலேயே மலாயாவுக்குப் போய் ரயில்வேயில் சேர்ந்து அங்கேயே குடியாகிவிட்டவர். அந்த நாட்டின் சுதந்திரத்துக்கு இருபத்தைந்து வருசம் நிறைந்தபோது ஞாபகத்துக்காக அடித்த பொற்காசு ஒன்றை வாங்கி, தம்பியின் மகனுடைய தாலிக்கு என்று ஒரு ஆளிடம் கொடுத்தனுப்பியிருந்தார். பெரிய காசு. பவுண் காசைப் பக்கத்தில் வைத்தால் தாயும் பிள்ளையும் மாதிரி இருக்கும். ஒரு பக்கம் எழுத்தும் வருசமும். மறு பக்கம் அந்த நாட்டுச் சின்னம்: நடுவில் கேடயம், அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் பின்னங்காலில் எழுந்து நிற்கும் இரண்டு புலிகள்.

ஊரில் இருக்கும்போது இயக்கம் வீட்டுக்கு இரண்டு பவுண் கேட்டு வந்தது. அப்பா அம்மாவின் காப்பைக் கழற்றிக் கொடுத்தார். காசைக் கொடுக்கவில்லை. கிணற்றுக்கட்டில் ஒரு கல்லைப் பெயர்த்து உள்ளே வைத்துச் சீமெந்து பூசிவிட்டு, எங்களிடம் இனி ஒன்றும் இல்லை என்று வந்த பெடியளின் முகத்தைப் பார்த்துச் சத்தியம் பண்ணினார். அம்மா சாகும்வரை அந்தக் காப்பைச் சொல்லிச் சொல்லி அவரைக் குத்திக்கொண்டிருந்தா. பிறகு இடம்பெயரும்போது காசை வேட்டி மடிப்பில் தைத்து, வள்ளத்தில் கடல் தாண்டி, கொழும்புக்குக் கொண்டு வந்து சேர்த்தார். புலிகளிடமிருந்து ஒளித்துக் காப்பாற்றிய காசில் இரண்டு புலி நின்றது. அதை நினைத்து நாங்கள் சிரித்த நாட்களும் உண்டு.

கொழும்பில் அது சிரிப்பாக இருக்கவில்லை. இது வீட்டில் இருக்கக்கூடாது, விற்றுப்போட்டு ராணித் தலை வாங்குவோம் என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். விற்பதென்றால் யாரிடமாவது காட்ட வேண்டும், காட்டினால்தான் ஆபத்து, உருக்கினால் அது வெறும் பொன், பொன்னில் ஒரு மிருகமும் இல்லை என்று அப்பா வாதம் பண்ணினார். கேட்டால் சரி போலத்தான் இருந்தது.

நாள் நெருங்கிய வாரம் நகரத்தில் ஒரு குண்டு வெடித்தது. நான் கடையில் நின்றேன். இரும்பு ஷட்டர் உள்பக்கமாக வளைந்து எங்கள் மேல் விழுந்தது. வெளியே ஓடி வந்தபோது அன்னாசி வெட்டி விற்கிறவருடைய தள்ளுவண்டி நின்றது, அவரைக் காணவில்லை. வண்டிக்குக் கீழே ஒரு பெண்ணின் செருப்பு, காலோடு கிடந்தது. என்னோடு வேலை செய்த சிங்களப் பெடியன் ஒருவன் அதைப் பார்த்து வாந்தி எடுத்தான். நானும் எடுத்தேன். பிறகு அவன் என்னைப் பார்த்த பார்வை மாறியது. அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். அன்று இரவிலிருந்து என் வயதுத் தமிழ்ப் பெடியளை லொட்ஜ் லொட்ஜாக, வீடு வீடாக ட்ரக்கில் ஏற்றத் தொடங்கினார்கள்.

பொன்னுருக்கைத் தள்ளிப் போடுவோம் என்றேன். வைத்த நாளை மாற்றினால் அபசகுனம் என்றார் அப்பா. கெடுகுடி சொற்கேளாது.

காலை ஒன்பது மணிக்குப் பிறகு நல்ல நேரம். கொட்டாஞ்சேனையிலிருந்து பெண்ணின் தாயும் தாய்மாமனும் இரண்டு மூன்று பெண்களும் வந்தார்கள். பத்தரும் கொட்டாஞ்சேனைக்காரர்தான், அவர்களுக்குத் தெரிந்த ஆள். ஐம்பது வயது, மெலிந்த உடம்பு, பேச்சுக் குறைவு. முன்னறையில் பாய் விரித்து, கும்பம் வைத்து, குத்துவிளக்கு ஏற்றி, மேற்கு யன்னலோரம் அவருடைய சின்ன அடுப்பை வைத்தோம். சிரட்டைக்கரி, ஊதுகுழல், பொன்னை வைத்து உருக்கும் மூசை, வெண்காரம், ஒரு கண்ணாடிப் போத்தலில் திராவகம். அவ்வளவுதான் அவருடைய தொழிற்சாலை.

காசைத் தட்டத்தில் வெற்றிலை மேல் வைத்து ஒவ்வொருவராகத் தொட்டுக் கும்பிட்டார்கள். கும்பிட்டதோடு விட்டிருந்தால் நேரம் மிச்சம். அப்பா விடவில்லை. தமையன் எந்த வருசம் கப்பல் ஏறினார், எந்த ஸ்டேசனில் மாஸ்டராக இருந்தார், அந்த நாடு எப்படிச் சுதந்திரம் எடுத்தது, ஒரு துளி ரத்தம் சிந்தாமல் மேசையில் பேசியே எடுத்தார்கள் என்று ஒரு பிரசங்கம். பெண்ணின் தாய்மாமன் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தார். எனக்குப் பல்லு நறநறத்தது.

பத்தர் காசைக் கையில் வாங்கித் தடிப்பைப் பார்த்தார். உளி வைத்து இரண்டாக வெட்டிப் போட்டால் கெதியாக உருகும் என்றார். அப்பா, தாலிப் பொன்னில் உளி படக்கூடாது, முழுசாகத்தான் உருக வேண்டும் என்றார். அப்படி ஒரு சாத்திரம் உண்மையில் இருக்கிறதா என்று நான் பிறகு பலரிடம் கேட்டிருக்கிறேன். ஒருவருக்கும் தெரியாது. தமையன் தந்த காசை வெட்ட அவருக்கு மனமில்லை, அவ்வளவுதான் சாத்திரம். பத்தர் முழுக்காசை மூசையில் வைத்து ஊதத் தொடங்கினார்.

காசு சிவக்கவே நேரம் எடுத்தது. அதற்குள் ஒழுங்கை முனையில் ட்ரக் வந்து நிற்கும் சத்தம். தாய்மாமன் பல்கணியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் மறித்துவிட்டார்கள், முதல் வீட்டுக்குள் ஏறுகிறார்கள் என்றார். எங்களுடையது ஏழாவது வீடு. நான் பத்தரிடம் காசை எடுங்கோ, குசினிப் பக்கம் வெளியே எறிகிறேன் என்றேன். தொடங்கின பொன்னை நிப்பாட்டக்கூடாது என்று அப்பா குறுக்கே வந்து நின்றார். அந்த நேரத்தில் எறிந்தாலும் பிரயோசனமில்லை, பின்பக்கத்திலும் சப்பாத்துச் சத்தம் கேட்டது. ஒரே வழி, அவர்கள் படியேறும் முன் இரண்டு புலியும் உருகிவிட வேண்டும்.

பத்தர் ஊதினார். கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் தண்ணீர் வடிய ஊதினார். நான் விசிறியால் கரியை வீசினேன். பெண்ணின் தாய் கந்தசஷ்டி முணுமுணுத்தா. காசின் இடது விளிம்பு முதலில் மினுங்கி, நெகிழ்ந்து, கேடயத்தின் பக்கமாகச் சரிந்தது. இடது பக்கத்துப் புலியின் தலை போனது. உடம்பு போனது. அடுத்த வீட்டில் ஒரு தாய் கத்தும் சத்தம், யாரையோ இழுத்துக்கொண்டு போனார்கள். வலது பக்கத்துப் புலி இன்னும் நின்றது. இன்னும் இரண்டு நிமிசம் இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும், நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

கதவை அவர்கள் தட்டவில்லை. பூட்டு சுவரோடு கழன்று வந்தது. ஒரு அதிகாரி, இரண்டு மூன்று கொன்ஸ்தாபிள். முதலில் கண்ணில் பட்டது அடுப்பு, குழல், திராவகப் போத்தல். குண்டு வெடித்த வாரத்தில் ஒரு தமிழன் வீட்டில் இதைக் கண்டால் யாருக்கும் வேறு நினைப்பு வராது. ஒருவன் அடுப்பைக் காலால் உதைத்தான். கனல் பாயில் சிதறி, பெண்ணின் தாயின் சேலைத் தலைப்பில் பற்றியது. தாய்மாமன் கையாலேயே அடித்து அணைத்தார். இன்னொருவன் துவக்குப் பிடியால் பத்தரின் தோளில் இறக்கினான். அவர் விழுந்த வேகத்தில் போத்தல் உடைந்து திராவகம் அவருடைய காலில் ஓடியது. அவர் கத்திய சத்தம் மனிதச் சத்தம் மாதிரி இருக்கவில்லை.

மூசையிலிருந்து காசு உருண்டு நிலத்தில் விழுந்து, பாதி குழம்பாக, பாதி காசாக இறுகிப்போய்க் கிடந்தது. அதிகாரி அதைக் குறட்டால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“மேக்க மொகத?” இது என்ன என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்க முதல் அப்பா முன்னுக்கு வந்துவிட்டார். வேட்டியைச் சரிசெய்து, நிமிர்ந்து நின்று, தன் மதத்தின் முழு நம்பிக்கையோடு இங்கிலீஷில் தொடங்கினார்.

“சேர், திஸ் இஸ் அன் இண்டிபென்டன்ஸ் கொயின். தெயர் வெயர் டூ டைகர்ஸ். வி ஆர் மெல்ட்டிங் தெம்.”

நுணலும் தன் வாயால் கெடும். சுதந்திரக் காசு, இரண்டு புலி, உருக்கிக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒவ்வொன்றும் எங்கள் கழுத்துக்குக் கயிறு. அதிகாரி காசைத் திருப்பிப் பார்த்தார். எழுத்திருந்த பக்கம் நெகிழ்ந்து, எந்த நாடு என்று வாசிக்க முடியாமல் குழம்பியிருந்தது. சுதந்திரம் என்றால் யாருடைய சுதந்திரம், எந்தப் புலி, யாருக்குக் காசு அடிக்கிறீர்கள் என்று அவர் சிங்களத்தில் கேட்கக் கேட்க, அப்பா இன்னும் சத்தமாக, இன்னும் அழகான இங்கிலீஷில், புலிகளின் பெருமையை விளக்கினார். நான் பேசாமல் இருங்கோ என்றேன். கெஞ்சினேன். கையைப் பிடித்து இழுத்தேன். என் கையைத் தட்டிவிட்டு, “தி டைகர் இஸ் எ நோபிள் அனிமல், சேர்,” என்றார்.

அடித்தேன். வலது கையை மடக்கி, வாயில். பல் என் விரல் கணுவில் குத்தியது. அப்பா இரண்டு எட்டு பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்து இருந்துவிட்டார். கீழ் உதடு பிளந்து வெள்ளைச் சட்டையில் ரத்தம் இறங்கியது. ஒரு கொன்ஸ்தாபிள் சிரித்தான். அந்த அடியில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது, அதை மறைக்க மாட்டேன். பிரசங்கம் தொடங்கிய நேரத்திலிருந்து என் கை அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தது போல இருந்தது.

என்னையும் பத்தரையும் ட்ரக்கில் ஏற்றினார்கள். அப்பாவையும் தாய்மாமனையும் விட்டுவிட்டார்கள், அந்த வாரத்தில் கிழவர்கள் தேவைப்படவில்லை. எந்த ஸ்டேசன் என்று எழுத மாட்டேன். அங்கே பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயில் வெட்டிய துண்டால் பாதத்தில் அடித்தார்கள். ஒரு ஷொப்பிங் பையில் மிளகாய்த் தூளைப் போட்டு என் தலையில் கட்டினார்கள். எத்தனை காசு அடித்தாய், அச்சு எங்கே, யார் பொன் தந்தது. மலேசியா என்று நான் கத்தினால், மலேசியாவில் யார் என்று கேட்டார்கள். பக்கத்து அறையில் பத்தர், வெந்த காலுக்கு மருந்தில்லாமல், தன் பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சாகத்தான் போகிறேன் என்று நினைத்தேன். அப்பாவை அப்போது நான் வெறுத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் என்னை அதிகாரியின் மேசைக்கு இழுத்துவந்தார்கள். மேசைக்கு முன்னால் அப்பா நின்றார். தோய்த்த வேட்டி, வெள்ளைச் சட்டை. உதடு வீங்கிக் கறுத்திருந்தது. யாரும் அவரைக் கூப்பிடவில்லை, தானாக வந்திருக்கிறார். அன்று அவர் இங்கிலீஷ் பேசவில்லை. கந்தோரில் பழகிய அரைகுறைச் சிங்களத்தில், கை கட்டி, தலை குனிந்து பேசினார். காசு என்னுடையது. நான்தான் வைத்திருந்தேன். நான்தான் பத்தரைக் கூப்பிட்டேன். மகனுக்குத் தெரியாது. புலியைக் கண்டதும் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. இந்தாப் பாருங்கள், மாத்தயா, புலி படம் போட்ட காசு வீட்டில் வைத்திருந்தேன் என்று பெற்ற தகப்பனையே அடித்த பிள்ளை இவன். உங்கள் ஆட்களே பார்த்தார்கள். சொல்லிவிட்டு உதட்டைக் கீழே இழுத்துத் தையல் போடாத காயத்தைக் காட்டினார்.

அதிகாரி கொன்ஸ்தாபிளைப் பார்த்தார். அவன் ஓம், அடித்தான், நல்லாக அடித்தான் என்றான். அதிகாரி என் பக்கம் திரும்பிக் கேட்டார். உண்மையா, புலிக்காகத்தான் அப்பாவை அடித்தாயா.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மறுத்திருக்கலாம். அது எங்கள் குடும்பக் காசு, ஒருவரும் பிழை செய்யவில்லை என்று மூன்று நாளாகச் சொன்னதையே திரும்பச் சொல்லியிருக்கலாம். என் பாதம் இரண்டும் நிலத்தில் வைக்க முடியாமல் இருந்தது.

“ஓவ்,” ஆம் என்றேன்.

ஹொந்த கொல்லா, நல்ல பெடியன் என்று அதிகாரி என் தோளில் தட்டினார். அன்று மத்தியானமே என்னையும் பத்தரையும் விட்டார்கள். அப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள். பத்தர் ஒரு காலை இழுத்து இழுத்து என்னோடு காலி வீதிவரை வந்தார். ஓட்டோவில் ஏறும்போது, வெட்டிப் போட்டிருக்கலாம் தம்பி என்றார்.

கொட்டாஞ்சேனையில் கல்யாணத்தை நிறுத்தும் பேச்சு. பொன்னுருக்கில் நெருப்புப் பற்றினது, ரத்தம் விழுந்தது, மாப்பிள்ளை தகப்பனுக்குக் கை நீட்டினான், இதைவிட என்ன சகுனம் வேண்டும் என்று பெண்ணின் தாய் கேட்டாவாம். நியாயமான கேள்விதான். நான் வெளியே வந்து மூன்றாம் நாள் பெண் தானாக வெள்ளவத்தைக்கு வந்தாள். பொன்னுருக்குக்குப் பிறகு பார்க்கக்கூடாதே என்றேன். பாதிதானே உருகினது, பாதிப் பொன்னுருக்குக்கு முழுத் தடை கிடையாது என்றாள். அப்போதுதான் எனக்கு அவளைப் பிடித்தது. அதுவரை சாதகம்தான் பிடித்திருந்தது.

உண்மையிலேயே அடித்தீர்களா என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், ஓவ் என்று சொன்னதையும். சொல்லும்போது அழுதேன். அவள் அழவிடாமல் வெட்டினாள்.

“என்னட்ட அழுது பிரயோசனமில்லை. அடி வாங்கின ஆளிட்டத்தான் மன்னிப்புக் கேக்கவேணும். முதல்ல மாமாவை வெளியில எடுப்பம்.”

எடுத்தது அவள்தான். அவளுடைய கந்தோரில் வேலை செய்த ஒரு மலாய்ப் பெண், கொம்பனித்தெருக்காரி. அந்த மலாய்ப் பெண்ணின் தமையனுக்கு மலேசியாவில் வேலை. அவன் அனுப்பிய கலண்டர் ஒன்று அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்கியது. மேலே அந்த நாட்டுச் சின்னம், கேடயமும் இரண்டு புலியும். கலண்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, ஒரு சட்டத்தரணியையும் பிடித்துக்கொண்டு ஸ்டேசனுக்குப் போனோம். அதிகாரி மேசை லாச்சியிலிருந்து காசை எடுத்துக் கலண்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இதில் இரண்டு புலி, அதில் ஒன்று, இது வேறு அது வேறு என்று கலண்டரைத் திருப்பித் தந்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. முழுசாக உருகியிருந்தாலும் தப்பியிருப்போம், கொஞ்சமும் உருகாமல் இருந்தாலும் தப்பியிருப்போம்.

அவள் விடவில்லை. பத்தரின் வீட்டுக்குப் போனாள். அந்த ஸ்டேசன் வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்று சொன்ன மனிதனை, கட்டுப் போட்ட காலோடு, திரும்பவும் அங்கே வரச் செய்தாள். எப்படி என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. பத்தர் தன் பூதக்கண்ணாடியை அதிகாரியின் கையில் கொடுத்தார். உருகி இறுகிய பக்கத்தில், கேடயத்தின் விளிம்போடு, அழியாமல் நின்ற ஒரு பாதத்தையும் மூன்று நகத்தையும் காட்டினார். இதுதான் மற்றப் புலி, உருகும்போது நீங்கள் அடுப்பை உதைத்தீர்கள் என்று தெளிவாகச் சொன்னார். அந்தக் கால் வெந்த மனிதனின் துணிச்சலில் பாதி எனக்கு இருந்திருந்தால் அப்பா ஒரு நாளும் உள்ளே இருந்திருக்க மாட்டார்.

உள்ளே போய் நாற்பத்தைந்து நாளைக்குப் பிறகு அப்பா வெளியே வந்தார். காசும் வந்தது. பொன்னைத் திருப்பித் தந்த பொலிஸை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. காரணம் அந்த ஒற்றைப் புலிதான். கையில் அதோடு பிடிபட யாருக்கு விருப்பம்.

அப்பாவுக்கு இடது காது போய்விட்டது. கைவிரித்து இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் அறைவார்களாம். பாதத்தின் ஓரத்தால்தான் நடந்தார். முகத்தில் வேறு காயம் இல்லை. சட்டையைக் கழற்றி நான் எண்ணெய் பூசும்போது அவராகவே ஒரு தடவை சொன்னார்.

“வாயில மட்டும் தொடேல்ல. வாக்குமூலம் வேணுமெல்லோ.”

நான் எண்ணெய்க் கையோடு, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அப்பா என்றேன். வலது பக்கம் நின்று, கேட்கும் காதுக்குத்தான் சொன்னேன். அவர் எண்ணெய் போதும் என்றார்.

புது நாள் பார்த்து, இரண்டாவது தடவை பொன்னுருக்கு. அதே அறை, அதே ஆட்கள், பெண்ணின் தாயும் மனம் மாறி வந்திருந்தா. பாயில் மட்டும் கனல் பட்ட ஓட்டைகள். கதவுக்குப் புதுப் பூட்டு. பத்தர் ஒரு தடியை ஊன்றிக்கொண்டு மாடி ஏறி வந்தார். தட்டத்தில் அந்தக் குழம்பிய காசு சுற்றி வந்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, அப்பாவும் ஒன்றும் விளக்கவில்லை. மலாயா இல்லை, தமையன் இல்லை, ரயில்வே இல்லை. தன் முறை வந்தபோது அதை எடுத்து, மிச்சமிருந்த புலியைப் பெருவிரலால் ஒரு தடவை தடவிவிட்டுப் பத்தரிடம் நீட்டினார்.

“வெட்டியே போடுங்கோ,” என்றார்.

பத்தர் உளியை வைத்து நாலு துண்டாக வெட்டினார். ஐந்து நிமிசத்தில் உருகிவிட்டது. பொன்னில் ஒரு மிருகமும் இல்லை. அப்பா சொன்னது சரிதான்.

நான் அப்பாவின் காலில் விழுந்து எழுந்தேன். அவர் என் நெற்றியில் திருநீறு பூசினார். அவருடைய கன்னத்தில், வாய்க்குப் பக்கத்தில், அடுப்பிலிருந்து பறந்த கரித்தூள் ஒன்று ஒட்டியிருந்தது. துடைத்துவிடலாம் என்று வலது கையைத் தூக்கினேன்.

அப்பா சட்டென்று பின்னால் சாய்ந்தார். இரண்டு கையும் மேலே வந்து வாயைப் பொத்திக்கொண்டன. காதை அல்ல. வாயை. பொலிஸ் அடித்தது காதிலும் பாதத்திலும். அவருடைய வாயில் அடித்தது இந்த உலகத்தில் நான் ஒருவன்தான்.

எல்லோரும் பார்த்தார்கள். என் கை அந்தரத்தில் நின்றது. அப்பா பொத்திய கைக்குள்ளே இரண்டு தடவை இருமினார், இருமல்தான் என்று எல்லோரும் நினைக்கட்டும் என்று.

“புகை,” என்றார்.

நான் போய் யன்னலைத் திறந்துவிட்டேன்.